வாந்திக்கு ஆங்கிலத்தில் என்ன?

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கும் குழந்தையின் தாத்தா நான். ஏற்காட்டுக் காபித் தோட்டமொன்றில் முப்பது ஆண்டு கணக்கு எழுதியவன். வகுப்பிலும் வேனிலும் தமிழில் பேசினால் பெயரைப் பலகையில் எழுதும் உங்கள் விதியைப் பற்றி இருமுறை கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. கட்டண நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். சேலத்துக்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். வேனை நிறுத்தச் சொல்ல என் பேத்திக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழில் சொல்லப் பயம். வாயைப் பொத்தியபடி இருந்தவள், கடைசியில் சாப்பாட்டுப் பையைத் திறந்து அதற்குள் வாந்தி எடுத்திருக்கிறாள். மாலையில் பையைக் கழுவியவன் நான். தயிர்சாத டப்பா திறக்கப்படவே இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "தாத்தா, வாந்திக்கு இங்கிலீஷில் என்ன?"

சொல்லிக்கொடுத்தேன். நாளைக்குக் காதுவலி வந்தால்?

எங்கள் தோட்டத்துக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்தில் அவள் வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. 'கூடையை எடு' என்று கூடையைக் காட்டுவதையும், 'காட்டெருமை, ஓடு' என்றதும் எல்லோரும் ஓடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பழம் பறிப்பு முடிவதற்குள் என் பேத்தியுடன் தமிழில் சண்டை போட ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு யாரும் டிக்டேஷன் வைக்கவில்லை.

புரிகிற பேச்சைக் கேட்டுத்தான் மொழி வருகிறது, தொடக்க மௌனத்தைக் கலைக்கக் கூடாது, பயந்த குழந்தைக்குக் காதில் விழுவதும் உள்ளே இறங்காது என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களிலேயே எழுதிவிட்டார். பேச்சுப் பயிற்சியும் வேண்டும் என்று அவரோடு வாதிடுகிறவர்கள்கூட, புரிதல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகவே அந்த விதியை எடுத்துவிடுங்கள். ஆசிரியை தினமும் இருபது நிமிடம் ஒரு படக்கதையை ஆங்கிலத்தில், படத்தைத் தொட்டும் நடித்தும் சொல்லட்டும். பூனை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டால் குழந்தை விரலை நீட்டட்டும். 'மரத்து மேலே' என்று தமிழில்தான் சொல்லட்டுமே. புரிந்திருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்?

ஆண்டு விழாவில் இவள் சுற்றுச்சூழல் பற்றி ஆங்கிலத்தில் முழங்கியபோது நானும் கைதட்டினேன். இறங்கி வந்ததும் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டேன். "அதை மிஸ் சொல்லவில்லை" என்றாள். இந்த அழகில், வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொல்லிச் சுற்றறிக்கை வேறு. என் ஆங்கிலம் அவளுக்கு ஒட்டிக்கொண்டால் வருந்தப்போவது நீங்கள்தான்.

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்தருள்க. விதியை எடுத்துவிடும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் கூட்டம் கூட்டி முடிவெடுக்க நாளாகும் என்றால், வேனில் மட்டுமாவது திங்கட்கிழமை முதல் தமிழை அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
யு.கே.ஜி. மாணவி ஒருத்தியின் தாத்தா,
ஏற்காடு