கால் பழகட்டும், யாழினி

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் “சரிம்மா, பாத்துக்கிறேன்” என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஷூ படத்தைப் பார்த்தேன். சப்பாத்தி மாதிரி சுருட்டிக் கையில் பிடித்திருக்கிறாய். அடிப்பாகம் 5 மி.மீ., ஒரு ஷூ 200 கிராம்கூட இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஏப்ரலில் சிநேகிதிகளோடு அங்கே அமெரிக்காவில், ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி நீல் கேப் கணவாய் வரை, அப்பலாச்சியன் என்கிற நெடுந்தூர மலைப்பாதையில் நடக்கப் போகிறோம், இதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்கிறாய். அப்பாவுக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. “கணுக்கால் வரைக்கும் மூடுற பூட்ஸ் வாங்கச் சொல்லு” என்கிறார். எனக்கு அந்த ஷூவின் மேல் பயமில்லை. ஏப்ரலுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்பதுதான் கவலை.

ஷூ நல்ல ஷூ. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, விரல்கள் விரிந்து உட்கார இடம் இருக்கிறது, பாதம் வளையும் இடத்தில் ஷூவும் வளைகிறது. வேறென்ன வேண்டும்? வழக்கமான ஓட்ட ஷூக்களில் குதிகால் 10, 12 மி.மீ. உயர்ந்திருக்கும், முன்பக்கம் கூம்பிப் போயிருக்கும். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு என்னிடம் வந்தவர்களில் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து எலும்பு புடைத்த கால்களும், சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட கால்களும் நிறைய. முழுக்க ஷூவின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், பரம்பரையும் உண்டு. ஆனால் அகலமான பாதத்தை ஒடுக்கமான ஷூவுக்குள் வருஷக்கணக்கில் திணித்தால் விரல் போக்கிடம் இல்லாமல்தானே மடங்கும்.

தென்னிந்தியாவிலேயே 2,300 குழந்தைகளின் கால்தடங்களை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1992-ல் வந்தது. செருப்பு, ஷூ போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். விரல்களை மூடுகிற ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். அதைப் படித்த பிறகுதான் உனக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கறுப்பு ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணில் விளையாடு என்று சொல்ல ஆரம்பித்தேன்.

உன் அப்பத்தாவின் பாதம் உனக்கு நினைவிருக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே என் விரல் ஒன்று தாராளமாக நுழையும். மெட்டி போட்ட விரல்கூட நேராக நிற்கும். குதிகாலில் வெடிப்பு, உள்ளங்காலில் தடித்த தோல். அந்தக் காலோடுதான் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்குத் தைப்பூசத்துக்கு நடந்தார். நான் பாதயாத்திரை முகாம்களில் உட்கார்ந்து கால் பார்த்திருக்கிறேன். தார் சூடேறுவதற்கு முன்னால் இருட்டிலேயே கிளம்புவார்கள், வெயில் ஏறினதும் பந்தலில் படுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி நடப்பார்கள். காடு கழனியில் வெறுங்காலோடு உழைத்த பெண்கள் முகாமுக்கு வந்தால் மோர் குடிக்க வருவார்கள். வருஷம் முழுக்க ஆபீஸ் ஷூவில் இருந்துவிட்டு மாலை போட்ட அன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றிய பையன்கள் கெண்டைக்கால் இறுகிப்போய், முன்பாதத்தை ஊன்ற முடியாமல், நொண்டிக்கொண்டு வருவார்கள். பக்தியில் இரண்டு பேருக்கும் குறைவில்லை. காலுக்கு இருந்த பழக்கம்தான் வேறு.

நீ அந்தப் பையன்கள் பக்கம், கண்ணு. ஐ.டி. கம்பெனியில் நாற்காலி, வெளியே வந்தால் கார், ஜிம்முக்குப் போனால் மெத்தை வைத்த ஷூ. ஷூவை ஒரே நாளில் மாற்றிவிடலாம். எலும்பும் நாரும் மாற மாதக்கணக்கு ஆகும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேள். குதிகால் உயரம் இல்லாத ஷூவில் ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் தசையும், குதிகாலுக்கு மேலே கயிறாக ஓடுகிற நாரும் கூடுதலாக நீள வேண்டியிருக்கும். முதலில் வலி வருவது அங்கேதான். அது பரவாயில்லை, தசை வலி ஓரிரு நாளில் போகும். பயப்பட வேண்டியது முன்பாதத்து எலும்புகளுக்கு, அதிலும் இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்குப் பின்னால் ஓடுகிற மெல்லிய நீள எலும்புகளுக்கு. மெத்தை போனதும் தாங்குகிற வேலை அவற்றின் தலையில் விழுகிறது. புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் நெடுந்தூரம் அணிவகுத்து நடந்து அந்த எலும்பில்தான் மயிரிழை விரிசல் வாங்குவார்கள். 2013-ல் அமெரிக்காவில் ஓடிப் பழகிய 36 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கிற மெல்லிய ஷூ, மீதிப் பேருக்குப் பழைய ஷூ. பத்து வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், மெல்லிய ஷூ போட்ட 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. எலும்பு தாங்க முடியாமல் திணறுகிறது என்பதன் அடையாளம் அது. அவர்கள் படிப்படியாக மாறியவர்கள். உன்னைவிட நான்கு வாரம் கூடுதலாகவும் கிடைத்தது. அவர்கள் ஓடினார்கள், நீ நடக்கத்தான் போகிறாய், அது உண்மை. ஆனால் உன் முதுகில் பை இருக்கும்.

அதே சமயம் பொறுமையாகப் போனால் கிடைக்கிற பலனும் உண்மை. 2021-ல் இங்கிலாந்தில் வந்த ஆய்வில், ஆறு மாதம் அன்றாட வேலைகளுக்கு மெல்லிய ஷூ போட்டவர்களின் பாத வலிமை சராசரியாக 57 சதவீதம் கூடியிருந்தது. தனியாக உடற்பயிற்சி எதுவும் இல்லை. கடைக்குப் போனது, வேலைக்குப் போனது, அவ்வளவுதான். ஆறு மாதம் என்பதை மட்டும் மறந்துவிடாதே. ஷூ விற்கிற கம்பெனிகள் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகின்றன. ஐந்து விரல் ஷூ செய்த விப்ரம், பாதம் வலுப்படும், அடிபடாது என்றெல்லாம் விளம்பரம் செய்ததற்காக வந்த வழக்கை முடித்துக்கொள்ள 2014-ல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கியது.

அப்பா விஷயமும் சொல்ல வேண்டும். நான் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க மெல்லிய ஷூ போடுவதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். சர்க்கரையால் அவருக்கு உள்ளங்கால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மெல்லிய ஷூ பாதுகாப்பு தருவதே கால் உணர்வதால்தான். கல் குத்தினால் நாம் யோசிப்பதற்குள் பாதம் எடையைப் பக்கவாட்டில் மாற்றிவிடும். உணராத காலுக்கு அந்தக் காவல் கிடையாது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டது இதைத்தான். நோய் காலைத் தின்னவில்லை, வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடந்து நடந்து கால் போயிற்று. நாங்கள் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு, அந்த மிருதுவான ரப்பர் செருப்பு, அந்த வழியில் வந்தது. அப்பா இப்போது அதைத்தான் போடுகிறார், வீட்டுக்குள்ளேயும். உன் சிநேகிதிகளில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் உன்னைப் பார்த்து அவர்களும் இதை வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்.

தோல் தடித்தால் உணர்ச்சி போய்விடுமோ என்று நீ முன்பு கேட்டிருக்கிறாய். போகாது. கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களைச் சோதித்து 2019-ல் எழுதினார்கள்: உள்ளங்கால் தோல் எவ்வளவு தடித்திருந்தாலும் தரையை உணர்கிற திறன் குறையவில்லை. அப்பத்தா களத்துமேட்டில் கிடக்கிற ஒற்றை நெல்லைக் காலாலேயே கண்டுபிடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நானும் எல்லா இடத்துக்கும் மெல்லிய ஷூ போட்டுக்கொண்டு போவதில்லை. சிறுமலைக்குப் போனால் அடி தடித்ததுதான். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பையே துளைத்து ஏறும், 5 மி.மீ. எந்த மூலைக்கு? எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதைத் தரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உன் பாதைக்கு வருகிறேன். ஸ்பிரிங்கரிலிருந்து நீல் கேப் சுமார் 50 கி.மீ. எழுபதாயிரம் காலடிக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும், ஒரு காலுக்கு 35,000. பூட்ஸுக்குப் பதிலாக ஒரு காலில் 400 கிராம் குறைந்தால், அந்தக் கால் மொத்தத்தில் 14 டன் குறைவாகத் தூக்குகிறது. அதனால் கனமான பூட்ஸ் வேண்டாம் என்பதில் நான் உன் கட்சிதான், அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பாதை வேரும் கல்லும். கடைசியில் பிளட் மலை, 1,359 மீட்டர், ஜார்ஜியாவில் அந்தப் பாதையின் மிக உயரமான இடம். அதன் உச்சியிலிருந்து நீல் கேப்புக்கு, உயரக் கணக்கில் சுமார் 400 மீட்டர் பாறை இறக்கம். கால்கள் களைத்த கடைசி நாளில், பையோடு, அந்த இறக்கத்தில் 5 மி.மீ. வேண்டாம், அம்மா கெஞ்சிக் கேட்கிறேன். குதிகால் உயராத, விரல் பகுதி அகலமான, ஆனால் அடியில் மெத்தையும் நல்ல பிடிப்பும் உள்ள ஒன்றை இந்தப் பயணத்துக்கு வாங்கு. ஆல்ட்ரா லோன் பீக் போன்றவை அடியில் 25 மி.மீ. இருக்கும், எடையும் பூட்ஸில் பாதிதான். தண்ணீர் புகாத வகை வேண்டாம். கால் நுழைக்கிற வாய் வழியாக ஒரு தடவை தண்ணீர் உள்ளே போனால் காயவே காயாது; வலைத்துணி என்றால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். கம்பளி சாக்ஸ் கூடுதலாக இரண்டு ஜோடி எடுத்துக்கொள்.

மெல்லிய ஷூவைத் தூக்கிப் போடாதே. நாளையிலிருந்தே பழகு. முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பூங்காவில் சமதரையில் இருபது நிமிஷம் போதும். மீதி நேரம் பழைய ஷூ. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகாலோ கெண்டைக்காலோ இழுத்துப் பிடித்தால் நிமிஷத்தைக் கூட்டாதே. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்தி, மெதுவாக, ரொம்ப மெதுவாக இறக்கு. இறக்குவதில்தான் அந்த நார் பலப்படும். வீட்டுக்குள் வெறுங்கால்தான், சாக்ஸும் வேண்டாம். நடக்கும்போது எட்டி எட்டி வைக்காமல் அடியைச் சுருக்கு. சத்தம் கேட்காமல் பாதம் இறங்கினால் சரியாக நடக்கிறாய் என்று அர்த்தம். புறப்படுவதற்கு முன்பு அட்லாண்டா பக்கத்து ஸ்டோன் மவுண்டன் குன்றில் பையை மாட்டிக்கொண்டு, பயணத்துக்கு வாங்கிய ஷூவில் ஏறி இறங்கிப் பார். கருங்கல் பாறை, எங்கே அழுத்துகிறது என்று காட்டிவிடும்.

பாதத்தின் மேல்பக்கத்தில் ஒரே இடத்தில், விரல் நுனி வைத்து அழுத்தினால் ‘சுரீர்’ என்று வலித்தால், அந்த இடம் லேசாக வீங்கியிருந்தால், நடக்க நடக்க வலி கூடினால், அன்றோடு நிறுத்து. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும் நம்பாதே, இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கும். டாக்டரிடம் இதை எடுத்துச் சொல்.

உன் பாதையில் உனக்கு முன்னால் போன ஒரு பாட்டியைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும், எம்மா கேட்வுட். 1955-ல், 67 வயதில், தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கெட்ஸ் என்கிற சாதாரணத் துணி ஷூவில், ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை முழுப் பாதையையும் தனியாக நடந்து முடித்தார். அப்போது தெற்கு முனை ஓக்லத்தோர்ப் மலையில் இருந்தது, 1958-ல்தான் உங்கள் ஸ்பிரிங்கருக்கு மாறியது. ரப்பர் அடி தேயத் தேய ஷூவை மாற்றிக்கொண்டே போனார். அவர் ஒஹாயோவில் பண்ணை வேலை செய்து பதினோரு பிள்ளைகளை வளர்த்த பெண். அந்தத் துணி ஷூவுக்குள் போன கால் அதற்கு முன்பே ஆயுள் முழுக்க நடந்து பழகிய கால். எனக்கு அவரை நினைத்தால் அப்பத்தா ஞாபகம்தான் வருகிறது. உனக்கும் அந்தக் கால் வரும், யாழினி. ஏப்ரலுக்குள் வராது, அடுத்த ஏப்ரலுக்குள் வரலாம். அப்போது அந்த மெல்லிய ஷூவிலேயே போ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

புது ஷூ வாங்கச் சாயங்காலம் போ, பாதம் அப்போதுதான் முழு அளவுக்கு வீங்கியிருக்கும். உள்ளே இருக்கும் அட்டையை உருவி அதன் மேல் ஏறி நின்று பார். எந்த விரலும் ஓரத்தைத் தாண்டக் கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் நின்று இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து, ஸ்கேல் வைத்து, எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. உனக்கு இடது கால் கொஞ்சம் பெரிது. அளவை அந்தக் காலுக்குத்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா