கைகட்டி நின்று கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் ஐந்தாம் வகுப்பின் காற்றாலைச் செயல்திட்டம் சென்ற வெள்ளிக்கிழமை நிறைவடைந்தது. மேசை விசிறியின் முன் வைத்த மூன்று இறக்கைச் சக்கரம் வேகமெடுத்தது, அதன் அடியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மிளகளவு விளக்குதான். அதைச் சுற்றி நின்ற 32 குழந்தைகளும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 10 வாரங்களாக எங்களோடு நின்ற உங்களில் பலர் அன்று அங்கே இல்லை. இந்த மடலை எழுதுவது அதனால்தான்.

உங்கள் உதவிகளைச் சொல்வதற்கு முன் வேறொன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காற்றாலையை உங்களில் யார் நினைத்திருந்தாலும் ஒரே பிற்பகலில் செய்து முடித்திருக்கலாம். குழந்தைகள் கோணலாக வெட்டியபோதும் கம்பியை மாற்றி இணைத்தபோதும் உங்கள் கை தானாக நீண்டதைப் பார்த்தேன். நீண்ட கையை நீங்கள் பின்னுக்கு இழுத்துக்கொண்டதையும் பார்த்தேன். என் முதல் நன்றி அதற்கு.

காற்றாலைப் பராமரிப்பில் பணிபுரியும் பொறியாளர் அக்காவிடமிருந்து தொடங்குகிறேன். நீங்கள் முதல்முறை வந்தபோது எங்கள் மேசையில் 12 அட்டை இறக்கைகள் கொண்ட சக்கரம் ஒன்று இருந்தது. இறக்கை கூடக்கூடக் காற்று அதிகம் அகப்படும் என்பது குழந்தைகளின் கணக்கு. அன்று என் கணக்கும் அதுவே. சக்கரம் சுற்றத்தான் செய்தது. ஆனால் மாட்டுவண்டிச் சக்கரம்போல நிதானமாகச் சுற்றியது, விளக்கு எரியவில்லை. நீங்கள் அதைத் தவறு என்று சொல்லவில்லை. "உங்கள் சக்கரம் காற்றை முழுவதும் பிடித்து நிறுத்திவிட்டால், நின்றுபோன காற்று எங்கே இருக்கும்? அடுத்து வரும் காற்று எப்படி உள்ளே வரும்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்துவிட்டீர்கள்.

அந்தக் கேள்வியைக் குழந்தைகள் தாழ்வாரத்துக்கு எடுத்துச் சென்றார்கள். வகுப்பறைக் கதவுதான் சக்கரம், ஓடிவரும் பிள்ளைகள்தாம் காற்று. கதவைத் தாண்டியதும் முதல் ஐந்து பேர் அப்படியே நின்றுவிட, பின்னால் வந்தவர்கள் வாசலில் நெரிந்தார்கள். கொஞ்சம் மெதுவாகவேனும் நகர்ந்துகொண்டே இருந்தபோதுதான் வழி கிடைத்தது. அதன்பிறகு நீங்கள் ஆல்பர்ட் பெட்ஸைப் பற்றிச் சொன்னீர்கள். காற்றில் உள்ள ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தச் சக்கரத்தாலும் எடுக்க முடியாது என்று 1919ஆம் ஆண்டிலேயே அந்த ஜெர்மானிய இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். சதவீதம் இன்னும் சரியாகப் பிடிபடாத பத்து வயதுப் பிள்ளைகள் அந்தச் செய்தியை உடனே ஏற்றுக்கொண்டார்கள். வாசலில் நெரிந்து பார்த்தவர்கள் அல்லவா!

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் திறன் எட்டு மடங்காகும் என்பதை விளக்க நீங்கள் சூத்திரம் எதையும் எழுதவில்லை. ஒரு மரக்கட்டையை வைத்தீர்கள். பிறகு எல்லாப் பக்கமும் இரண்டிரண்டாக அடுக்கச் சொன்னீர்கள். எட்டுக் கட்டைகள் வந்தன. மும்மூன்றாக அடுக்கியபோது 27. அந்த அடுக்கு இன்னும் எங்கள் ஜன்னலோரத்தில் இருக்கிறது. யாரும் கலைக்கச் சம்மதிக்கவில்லை. "அப்படியானால் புயலில்தானே நிறைய மின்சாரம் கிடைக்கும், ஏன் நிறுத்திவிடுகிறீர்கள்?" என்று கேட்ட மாணவிக்கு நீங்கள் நின்று நிதானமாகப் பதில் சொன்னீர்கள். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் பெரும்பாலான காற்றாலைகள் இறக்கைகளைத் திருப்பிக் காற்றை நழுவவிட்டு ஓய்வெடுக்கும் என்றும், கிடைப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ள இயந்திரத்துக்கும் உடம்பு தாங்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். பணி நாளில் உணவு இடைவேளையைத் தியாகம் செய்து வந்தவர் அவசரமே காட்டவில்லை.

நூலகர் ஐயாவுக்கு நன்றி. 12 இறக்கைத் தோல்வியால் முகம் வாடியிருந்த குழுவை நீங்கள் அழைத்துச் சென்று ஒரு பழைய படத்தைக் காட்டினீர்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் 1888இல் அமைத்த காற்றாலை. அதற்கு 144 இறக்கைகள்! "அவரும் நம்மைப்போலத்தான் நினைத்திருக்கிறார்" என்று ஒரு பையன் சொன்னபோது அந்தக் குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்துக் காட்டியது டென்மார்க்கின் பவுல் லா கூரை. 1891இல் அஸ்கோவ் பள்ளியில் காற்றாலை அமைத்து, காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் கட்டி ஆராய்ந்து, மின்சாரத்துக்குக் குறைவான இறக்கைகளோடு வேகமாகச் சுழலும் சக்கரமே ஏற்றது என்று கண்டவர். அவர் ஓர் ஆசிரியர் என்பதை நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அதை மறக்கமாட்டேன்.

இனி, தச்சர் தாத்தா. உங்களைப் பற்றித்தான் குழந்தைகள் அதிகம் எழுதச் சொன்னார்கள். பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்தால் இறக்கைக்கு வேண்டிய வளைவு தானாகவே கிடைத்துவிடும் என்று காட்டியவர் நீங்கள். ரம்பம் பிடித்தது நீங்கள். கோடு போட்டதும் உப்புத்தாளால் தேய்த்ததும் பிள்ளைகள். முதல் கோடு கோணல். "இப்படியே வெட்டட்டுமா?" என்று கேட்டீர்கள். வெட்டச் சொன்னார்கள், வெட்டினீர்கள். வீணான அந்தத் துண்டைத் தூக்கிப்போடாமல் மேசையில் வைத்து, அடுத்த கோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் போடச் சொன்னீர்கள்.

மூன்று இறக்கைகளையும் பூட்டிச் சுற்றவிட்டபோது தூண் நடுங்கியதே, அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் தூணைத்தான் குறைசொன்னார்கள். ஒரு குழு அதற்குக் கயிறு கட்டியது, இன்னொரு குழு அடியில் கல் வைத்தது. நடுக்கம் நிற்கவில்லை. நீங்கள் சக்கரத்தைக் கழற்றி ஓர் ஆணியில் மாட்டி, மெதுவாகச் சுற்றிவிட்டு, "அதைக் கேளுங்கள், அதுவே சொல்லும்" என்றீர்கள். சக்கரம் நின்றது. மீண்டும் சுற்றினார்கள். மீண்டும் அதே இறக்கை கீழே வந்து நின்றது. ஐந்தாவது முறை சுற்றும்போதுதான் ஒரு சிறுமி, "இதுதான் குண்டு!" என்று கத்தினாள். சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, கனமான இறக்கையைத் தேய்த்தார்கள், மாட்டிப் பார்த்தார்கள், தேய்த்தார்கள். இரண்டு வகுப்பு நேரம் போயிற்று. சக்கரம் எந்த இடத்திலும் நிற்கத் தயாரானபோது நீங்கள் தலையை மட்டும் அசைத்தீர்கள். உண்மையான காற்றாலைகளிலும் மூன்று இறக்கைகளின் எடையை ஒப்புப்பார்த்தே பூட்டுவார்கள் என்று பிறகு பொறியாளர் அக்கா சொன்னபோது, குழந்தைகளுக்கு உங்கள் மேல் இருந்த மதிப்பு இன்னும் உயர்ந்தது.

பழைய மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் அண்ணனுக்கும் நன்றி. பொம்மைக் கார் மோட்டாரையும் பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டாரையும் ஒரே வேகத்தில் விரலால் உருட்டி, மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரில் எது அதிகம் காட்டுகிறது என்று அவர்களையே பார்க்க வைத்தீர்கள். இரண்டு மோட்டார்களைக் கம்பியால் இணைத்து ஒன்றைச் சுற்றியபோது மற்றொன்று தானாகச் சுழன்றது. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்பதை நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை எங்கள் பிள்ளைகளின் கண்முன் வந்து நின்றது அன்றுதான். எங்கள் சக்கரம் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் தந்தது. வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு மூன்று வோல்ட் அளவில் வேண்டும், சிவப்புக்கு இரண்டே போதும். சிவப்பைத் தேர்ந்தெடுத்தது அவர்கள். அப்போதும் எரியவில்லை. விளக்கின் முனைகளை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தது உங்களுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்திருக்கும். மல்டிமீட்டரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றீர்கள். எண்ணுக்கு முன்னால் இருந்த கழித்தல் குறியை ஒரு பையன் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தை விட்டுக்கொடுத்ததற்கு உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மொட்டைமாடிக் கதவை நான்கு வாரம் அதிகாலையில் திறந்துவிட்ட காவலாளி ஐயாவுக்கும், காற்றின் திசை காட்டும் காற்றுப் பையைத் துணியால் தைத்துத் தந்த அம்மாவுக்கும் நன்றி. காகிதக் குவளைகளால் செய்த காற்றுமானியின் சுற்றுகளைப் பிள்ளைகள் எண்ணிக் குறித்தது உங்களால்தான். சுவரோரம் காற்று குழம்பித் திரிவதையும், உயரப் போனால் சீராக வீசுவதையும் அவர்களே கண்டார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கென்றால் தென்றல், கிழக்கு கொண்டல், மேற்கு கோடை என்று அந்தக் குறிப்பேட்டில் தலைப்பிட்டிருக்கிறார்கள்.

பசுமைப் பொறியியல் என்ற சொல்லை எப்படிப் புரியவைப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எளிதாக்கிவிட்டாள்: "இது பழசானால் எங்கே போகும்?" எஃகுத் தூணை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம், கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய இறக்கையை மறுபடி பிரித்தெடுப்பது கடினம் என்று பொறியாளர் அக்கா மறைக்காமல் சொன்னார். குழந்தைகளிடம் குறையையும் சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி. பறவைகளைப் பற்றி இன்னொருவர் கேட்டபோது, நார்வேயின் ஸ்மோலா தீவில் சில காற்றாலைகளில் ஓர் இறக்கைக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசியதில், மோதி இறக்கும் பறவைகள் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2020இல் வெளிவந்த ஆய்வை நூலகர் ஐயா தேடித் தந்தார். உடனே எங்கள் இறக்கை ஒன்றும் கறுப்பாயிற்று. வண்ணத்தின் எடையால் சக்கரம் மறுபடி ஒருபக்கம் சாய, இந்தமுறை யாரையும் அழைக்காமல் ஆணியைத் தேடி எடுத்தார்கள்.

பழசானால் எங்கே போகும் என்ற அந்தக் கேள்விக்குப் பிறகு பிள்ளைகள் ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள்: எதையும் பசை போட்டு ஒட்டக் கூடாது, எல்லாம் திருகாணியில்தான் நிற்க வேண்டும். அதனால் காற்றாலையை இப்போது முழுவதும் பிரித்துவிட்டார்கள். மோட்டார், மல்டிமீட்டர், மரத்தட்டு, காற்றுப் பை என உங்களிடம் வாங்கிய அனைத்தையும் வரும் வாரம் அவர்களே கொண்டுவந்து தருவார்கள். தயவுசெய்து "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். திருப்பித் தருவதும் அவர்கள் திட்டத்தின் ஒரு பகுதி. ஒவ்வொரு பொருளோடும் அந்தந்தக் குழு எழுதிய ஒரு சீட்டு இருக்கும். எழுத்துப்பிழைகளை நான் திருத்தவில்லை.

நன்றியுடன்,
ஐந்தாம் வகுப்பு மாணவர்களும் வகுப்பாசிரியையும்