ஒத்தொலிப்பு உறவுக்குச் சான்றாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் வேர் காட்டும் பகுதி சில வாரங்களாக வெளிவருவதைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் ‘எய்ட்’ என்னும் ஆங்கில எண்ணுப்பெயர் நம் ‘எட்டு’ என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஓசூரை அடுத்த ஒரு சிற்றூரின் அரசுப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையாளருக்குத் தமிழ்மீதுள்ள பற்று எனக்கும் உண்டு. அந்தப் பற்றே இம்மறுப்பை எழுதத் தூண்டியது.

‘எட்டு’ என்னும் சொல்லுக்குள் ஒரு ணகரம் மறைந்து கிடக்கிறது. எண்பது, எண்ணூறு, எண்மர், எண்திசை என்று நாம் நாள்தோறும் எழுதும் சொற்களில் அது இன்றும் வெளிப்படையாகத் தெரிகிறது. கன்னடத்தில் எட்டு என்பது ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. ஆகவே இச்சொல்லின் பழைய அடி ‘எண்’ என்பதே. மறுபக்கம், ஆங்கிலச் சொல்லின் நடுவே இன்று ஒலிக்காமல் எழுத்தளவில் நிற்கும் இரண்டு எழுத்துகள் (g, h) ஒரு காலத்தில் தொண்டையில் உரசி ஒலித்தவை. அதன் உறவுச் சொற்களான இலத்தீன் ‘ஆக்டோ’, கிரேக்க ‘ஒக்டோ’, வடமொழி ‘அஷ்ட’ ஆகியவற்றில் அந்த நடு ஒலியின் தடம் தெளிவாக உள்ளது. நம் சொல்லைப் பின்னோக்கித் தேடினால் ‘எண்’ணில் போய் நிற்கிறோம், அவர்கள் சொல்லைத் தேடினால் ‘ஆக்டோ’வில் போய் நிற்கிறோம். இன்று ஒன்றுபோல ஒலிப்பவை, பழமையை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. உண்மையான உறவாயிருந்தால், பின்னே செல்லச் செல்ல அவை நெருங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் உறவை எப்படித்தான் அறிவது என்னும் கேள்விக்கு, நூல்களில் படித்ததைவிட என் வகுப்பறையிலேயே தெளிவான விடை கிடைத்தது. எங்கள் பகுதிப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளையும் வீட்டுமொழியாகக் கொண்ட பிள்ளைகள் ஒரே பலகையில் உட்கார்ந்து படிப்பது வழக்கம். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் மொழிக்குடும்பம் பற்றிய பாடம் நடத்தும்போது, அச்சிட்ட பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, அவரவர் வீட்டுச் சொல்லைச் சொல்லச் சொன்னேன். பால் என்றேன், தெலுங்குப் பிள்ளைகள் ‘பாலு’ என்றார்கள், கன்னடப் பிள்ளைகள் ‘ஹாலு’ என்றார்கள். புலி என்றேன், ‘புலி’, ‘ஹுலி’. பத்து என்றேன்; ‘பதி’, ‘ஹத்து’. பாம்பு என்றேன், ‘பாமு’, ‘ஹாவு’. அப்போது கன்னடமே அறியாத ஒரு தெலுங்கு வீட்டுப் பையன் எழுந்து, “அப்படின்னா பூவுக்கு ஹூன்னு ஏதோ வரணுமே, ஐயா?” என்று கேட்டான். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “ஹூவு!” என்று உரக்கச் சொன்னாள். அந்தப் பையன் செய்ததுதான், மொழிகளை ஒப்பிட்டு உறவு காணும் ஒப்பிலக்கண அறிஞர்கள் செய்யும் வேலை. சொற்கள் ஏறக்குறைய ஒத்திருக்கின்றன என்பதோடு அவன் நிற்கவில்லை. ஒலிகள் ஓர் ஒழுங்கோடு மாறுகின்றன என்று கண்டு, தான் கேட்டறியாத சொல்லை முன்கூட்டியே சொல்லிச் சோதித்தும் பார்த்துவிட்டான்.

மறுநாள் இதைவிட நல்ல கேள்வி ஒன்று வந்தது. புத்தகம் மட்டும் ஏன் கன்னடத்தில் ‘ஹுஸ்தக’ ஆகாமல் ‘புஸ்தக’ என்றே நிற்கிறது என்று கேட்டார்கள். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே இருந்தது. சற்றேறக்குறையப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டித்தான் சொல்முதற் பகரம் ஹகரமாகத் திரியத் தொடங்கியது. மக்கள் வாயில் புழங்கிய சொற்கள் அந்த மாற்றத்தில் அகப்பட்டன. வடமொழியிலிருந்து ஏட்டின் வழி வந்து, கற்றோரால் மூலத்தை ஒட்டியே ஒலிக்கப்பட்ட சொற்கள் தப்பின. வடசொல்லேயானாலும் ‘பட்சி’ ஊரார் பேச்சில் கலந்துவிட்டதால் அங்கே ‘ஹக்கி’ ஆயிற்று. ஆக, விதிக்கு உட்படாமல் நிற்கும் சொல்லும் தான் வந்த வழியைச் சொல்லிவிடுகிறது. எங்கள் ஓசூரின் பெயரே இந்த வரலாற்றைச் சுமந்து நிற்கிறது: ‘ஹொஸ ஊரு’ என்றால் புதிய ஊர், நம் ‘புது’வும் அவர்கள் ‘ஹொஸ’வும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள்.

இதே செயல் நம் வாய்க்குள்ளும் நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். காற்று காத்தாகிறது, நேற்று நேத்தாகிறது, ஆற்றில் என்பது ஆத்துல, வயிற்றுவலி வயித்துவலி. வெற்றிலையும் வெத்தலையாகிவிட்டது. ஆனால் வெற்றியை யாரும் ‘வெத்தி’ என்று சொல்வதில்லை. வெற்றிலை வீட்டுச் சொல், தாம்பூலத் தட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. வெற்றியோ மேடையிலிருந்தும் ஏட்டிலிருந்தும் பேச்சுக்குள் இறங்கி வந்த சொல். கன்னடத்தில் புஸ்தகத்துக்கு நேர்ந்தது இங்கே வெற்றிக்கு நேர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தார் பேச்சிலோ மலையாளத்திலோ காற்று என்னும் சொல்லைக் கேட்டவர்களுக்கு, றகர இரட்டையின் பழைய ஒலி, நுனிநாக்கு மேற்பல்லை ஒட்டிய அண்ணத்தில் பட்டு எழும் அந்த ஒலி, இன்னும் உயிரோடு இருப்பது தெரியும். ‘காத்து’ என்று பேசும் பிள்ளையைத் திருத்தி எழுதச் செய்வது ஆசிரியன் கடமை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதைச் சோம்பலால் வந்த சிதைவு என்று நான் சொன்ன நாள்களை நினைத்து இன்று வருந்துகிறேன். ஒரு சொல்லில் தற்செயலாக நேர்ந்த பிழையன்று அது; ஒரே இடத்தில் ஒரே வகையாக வீட்டுப் பேச்சுச் சொற்களிலெல்லாம் நிகழ்ந்திருக்கும் மாற்றம்.

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த வழி, நமக்குப் பிடித்தமான முடிவையே எப்போதும் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பகரத்தைத் தமிழ் காத்தது, கன்னடம் மாற்றியது. ஆனால் செவி என்பதற்குக் கன்னடத்தில் ‘கிவி’, சேரிக்குக் ‘கேரி’, சில என்பதற்குக் ‘கெலவு’. இங்கே ககரமே பழையது. இகர எகரங்களுக்கு முன் அதைச் சகரமாக மாற்றிக்கொண்டது தமிழ். கிளி, கேள், கெடு போன்ற சொற்களில் மட்டும் தமிழிலும் ககரம் தங்கிவிட்டது. அவற்றில் அடுத்து வரும் ளகரமும் டகரமும் நாவை மேல்நோக்கி வளைப்பதே அதற்குக் காரணம் என்று மொழியியலார் விளக்குகின்றனர். ஆகவே எல்லாச் சொல்லிலும் தமிழ் வடிவமே மூத்தது என்று முன்முடிவோடு தொடங்குபவர், செவியிலேயே தடுமாறிப் போவார். மூத்தது எது என்பதைச் சொல்லுக்குச் சொல், ஒலிக்கு ஒலி தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது.

சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ், தென்மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816-இல் எழுதியபோது, தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை நிரல்படுத்திக் காட்டித்தான் நிறுவினார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது சொற்களோடு வேற்றுமை உருபுகளையும் வினை விகுதிகளையும் எடுத்துக்கொண்டார். சொல்லைக் கடன் வாங்குவது எளிது, விகுதியைக் கடன் வாங்குவது அரிது என்பதால் அது வலுவான சான்றாயிற்று. பின்னர் மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில், பலுசிஸ்தானத்தில் திராவிட மொழியொன்றைப் பேசும் பிராகூயி மக்கள் கண்ணைக் ‘ஃகன்’ என்று சொல்வதும் இடம் பெற்றது. தமிழும் அதன் உறவுமொழிகளும் தனித்த குடும்பம் என்று உலகம் ஏற்றுக்கொண்டது இத்தகைய உழைப்பின் பயனால்தான். ‘எய்ட்’, ‘எட்டு’ போன்ற ஒத்தொலிப்புகளை அதே வரிசையில் வைத்தால், உறுதியான சான்றுகளையும் பிறர் ஐயத்தோடு பார்க்கும் நிலை ஏற்படும். இது எனக்கு உண்மையான கவலை.

ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆகவும் சுருட்டு ‘செரூட்’ ஆகவும் சென்ற வழி தெரிந்தது. கடற்கரையில் அந்தப் பொருளைக் கண்ட ஐரோப்பியர் பொருளோடு பெயரையும் எடுத்துச் சென்றார்கள். பொருளும் காலமும் வழியும் இப்படிப் பொருந்தி வரும் சொற்களுக்கே ஒரு பகுதி முழுதும் ஒதுக்கலாம்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி அப்பகுதியில் ஒரு சொல்லுக்குத் தமிழ் வேர் காட்டப்படும்போது, அச்சொல்லின் பழைய ஆங்கில வடிவத்தையும், நம் சொல்லுக்குக் கன்னடம், தெலுங்கு, மலையாளத்தில் உள்ள இணையையும் சேர்த்தே வெளியிடச் செய்யுங்கள். அத்துடன், எல்லைப்புறப் பள்ளி மாணவர்களிடமிருந்து அவர்கள் வீட்டுச் சொற்களைப் பெற்று அச்சிட அதே இணைப்பில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். பல ஆண்டுகளில் என் மாணவர்கள் மூன்று கட்டம் போட்டு எழுதித் தந்த இரண்டு குறிப்பேடுகள் என்னிடம் பத்திரமாக உள்ளன. தாங்கள் விரும்பினால் அவற்றைப் படியெடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.