புல் துண்டு கொடுத்த பெரியவருக்கு நன்றி

தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி, 1915இல் ஓபல் என்ற ரத்தினக் கல் கிடைத்த பாலைவன ஊர். வெயிலுக்குப் பயந்து பலர் நிலத்தடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள். அங்குள்ள கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள் உண்டு, புல் மட்டும் மருந்துக்கும் கிடையாது. இது தெரிந்துதான் போனேன். ஆனால் பந்தை வைத்து அடிக்கச் செயற்கைப் புல் துண்டு ஒன்றைக் கையோடு தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது தெரியாது.

சரளைக் கல்லில் மட்டையை மோதிவிட்டு முழித்த என்னைப் பார்த்து ஒரு பெரியவர் வந்தார். வண்டியில் இன்னொன்று இருக்கிறது என்று சொல்லித் தன் புல் துண்டை நீட்டினார். மற்ற மைதானங்களில் குழியைச் சுற்றிப் புல்வெளியாக இருக்கும் ‘கிரீன்’, அங்கே எண்ணெய் கலந்த கறுப்பு மணல்தான். ஆடி முடித்ததும் காலடித் தடத்தை இழுத்துச் சமன் செய்ய வேண்டுமாம். நான் அப்படியே கிளம்பப் பார்த்தேன். மனிதர் முகம் சுளிக்கவில்லை, ஒரு தடவை இழுத்துக் காட்டினார், அவ்வளவுதான். அப்புறம் என் தண்ணீர் தீர்ந்தபோது அவர் பாட்டிலில் பாதி எனக்கு வந்தது.

ஸ்கோரை மட்டும் கேட்காதீர்கள்.

ஐயா, பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி. துண்டைத் திருப்பித் தர மறந்து அடிலெய்டு வரை கொண்டுவந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்.