1931ஐ எழுதும்போது 1949ஐயும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில், இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாறு பற்றிய கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் 1931இல் நாட்டின் எல்லாப் பெண்களும் வாக்குரிமை பெற்றார்கள் என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே 1960க்கு, உலகின் முதல் பெண் பிரதமருக்குத் தாவிவிட்டது. நடுவில் 1949 என்று ஒரு வருடம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய என் அம்மாயியின், அதாவது என் அம்மாவின் தாயாரின், ஓட்டு பறிபோன வருடம் அது.

முதலில் அந்தக் கட்டுரையில் விடுபட்ட ஒரு நல்ல செய்தி. 1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. அடுத்த மாதமே அவர்கள், இலங்கையின் அரசியலமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்கப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சியம் சொல்லப் போனார்கள். படித்த, வசதியான குடும்பத்துப் பெண்கள். அவர்களிடம் டொனமூர் பிரபு, தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்று கேட்டார். சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா தயங்கவே இல்லை. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று பதில் சொன்னார். சேர்.பொன். இராமநாதன் போன்ற நம் பெரிய தலைவர்களே பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதை எதிர்த்து நின்ற காலம் அது. பறங்கியர் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்மணி எங்களுக்காகப் பேசினார். அந்தப் பதிலை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்றுதான் பரிந்துரைத்தது. அப்புறம் ஆண்களைப் போலவே 21 வயது என்று ஆனது. அப்போதும் தோட்டத்து மக்களுக்குத் தனி நிபந்தனைகள். இந்த நாட்டில்தான் நிலையாக இருக்கிறோம் என்று காட்டிய பிறகுதான் வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறும். வாசிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டுமே என்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளில் அந்த 1931இல் தேர்தலே நடக்கவில்லை, பகிஷ்கரித்துவிட்டார்கள். மலையகத்திலோ, தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடித் தொழிலாளர்களைத் திரட்டினார். 1936இல் நடேசய்யர் ஹட்டன் தொகுதியில் வென்றதை நீங்கள் அறிவீர்கள்.

என் அம்மாயி வாக்களித்தது 1947இல். அப்போது அவருக்கு 23 வயது. அன்று மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகவில்லை, கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு, என் அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு மைல் இறங்கிப் போனாராம். போகும் வழியில் அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டது வரைக்கும் சொல்வார். அந்தத் தேர்தலில் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. அதுதான் ஆட்சியாளர்கள் கண்ணை உறுத்தியது.

1948 நவம்பர் 15இல் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரஜை ஆக வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. அம்மாயியின் அம்மா பிறந்தது இதே மலையில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒரு காம்பராவில். அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆகவே தாய் இங்கே பிறந்தது கணக்கில் வரவில்லை. பெண்களின் உரிமை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 1949இல், பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்று தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். சட்டத்தில் பெண் என்றோ தோட்டம் என்றோ ஒரு சொல் இல்லை. ஆனால் 1952 தேர்தலுக்கு எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கும் வாக்காளர் அட்டை வரவில்லை.

விண்ணப்பித்துப் பிரஜை ஆகலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. கல்யாணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. தாத்தா தன் தாயின் சாவுக்கு இந்தியாவிலுள்ள ஊருக்குப் போனவர் பதினாலு மாதம் தங்கிவிட்டார். அதைக் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அம்மாயியின் பெயரும் அதே விண்ணப்பத்தில்தான் இருந்தது. இந்த மலையை விட்டு ஒரு நாளும் போகாதவர் அவர்.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம் என்பது உங்கள் மலையக வாசகர்களுக்குத் தெரியும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளை அம்மாயியின் பெயரைச் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், நாற்பது வருடத்துக்கு மேல் எழுதினார். “செக்ரோலுல பேரு இருக்கு, ஓட்டு லிஸ்டுல மட்டும் ஏன் இல்ல?” என்று அம்மாயி கேட்பார். நான் ஆசிரியை ஆன பிறகும் அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானதை நாடு கொண்டாடியபோது அம்மாயிக்கு வாக்கு இல்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, எங்கள் மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். மாமா அம்மாயியின் பெயரை இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சின்ன அம்மாயி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. அம்மாயி போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். 1984இல் கப்பலும் நின்றது.

2003இல்தான் அவருக்கு வழி பிறந்தது. அந்த வருடம் வந்த 35ஆம் இலக்கச் சட்டம், 1964இலிருந்து இங்கேயே இருப்பவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பிரஜைகள் ஆக்கியது. பிரஜாவுரிமையில் தாயையும் தகப்பனையும் சமமாக வைத்த திருத்தமும் அதே வருடம்தான் வந்தது. அந்த டிசம்பரில் பத்து நாட்கள், கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நாங்கள் சில ஆசிரியர்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். அம்மாயியும் வரிசையில் நின்றார். பேத்தி என்பதற்காக முன்னால் வரவில்லை. பிறந்த திகதி கேட்டேன். “பெரிய துரை மாறுன வருசம்” என்றார், தோட்டத்து மேலாளரைச் சொல்கிறார். கைநாட்டு வைக்கச் சொன்னேன். அவர் விரலில் ரேகை சரியாக விழவில்லை, கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தேய்ந்துபோயிருந்தது. மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது.

2005 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். 81 வயதில் அம்மாயி மறுபடியும் வாக்களித்தார். 58 வருடம் கழித்து. இந்த முறை ஆட்டோவில் கூட்டிப் போனேன். வெளியே வந்து, மை காயும் வரைக்கும் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். அடுத்த வருடம் காலமானார்.

2024இல் பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் எங்கள் மலையகப் பெண்கள் இருவர், அம்பிகா சாமுவேலும் கிருஷ்ணன் கலைச்செல்வியும், பாராளுமன்றம் போனார்கள். அதையும் உங்கள் கட்டுரை ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

ஆசிரியரிடம் ஒன்று கேட்கிறேன். 1947இல் வாக்களித்த பெண்கள் இன்று அநேகமாக இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் எழுபது ஆகிறது. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். எந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியும், கூடவே நடந்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.