படித்த தேதியை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கணினி வேகமாக ஓட உங்கள் கணினிப் பகுதியில் சென்ற வாரம் சில யோசனைகள் சொல்லியிருந்தீர்கள். கோப்பைக் கடைசியாகத் திறந்த நேரத்தைக் கணினி குறித்துவைப்பதை நிறுத்திவிடலாம் என்பது அதில் ஒன்று. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் 31 ஆண்டுகள் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவன். ரிஜிஸ்டரில் தேதி போடாமல் ஒரு காகிதக் கட்டையும் வெளியே விட்டதில்லை. இப்போது கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினி. பட்டா, சிட்டா, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் என்று சுற்றியுள்ள ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) காகிதங்கள் எல்லாம் ஸ்கேன் செய்து அதில் இருக்கின்றன.

போன ஜூலையில் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஓராண்டாக யாரும் திறக்காத கோப்புகளை மட்டும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் ஒரு வரிக் கட்டளை எழுதிக் கொடுத்தான். பட்டியல் வந்தது, மாற்றினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த டிஸ்க்கைக் குன்னூரில் உள்ள எங்கள் செயலாளர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் நல்ல மழை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு மேடேறி வந்தார். "தம்பி, போன மாசம் குடுத்தியே, அந்தப் பத்திரம், இன்னொரு நகல் வேணும்" என்றார். ஆமாம், போன மாதம் நானேதான் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். இப்போது கோப்பு கணினியில் இல்லை. மரம் விழுந்து குன்னூர் சாலையும் அடைபட்டிருந்தது. மானிய மனுவுக்கு அன்றுதான் கடைசி நாள். "சரி தம்பி, விடு" என்று சாக்கை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அந்தச் 'சரி' இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பட்டியலைப் பார்த்தால், அதை எடுத்த அன்று காலையில் நான் திறந்த ஒரு சிட்டாவும் அதில் இருந்தது; திறந்த தேதியாக இரண்டு ஆண்டுக்கு முந்தைய நாளையே காட்டியது. அது புது டிஸ்க்கில் கோப்புகளை ஏற்றிய நாள். கணினியைச் சரிசெய்து கொடுத்தவர் வேகத்துக்காக 'நோஏடைம்' (noatime), அதாவது திறந்த நேரத்தைக் குறிக்க வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் யோசனையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கோப்பைப் படித்தாலே நேரத்தைக் குறிப்பதற்காக டிஸ்க்கில் எழுத வேண்டியிருக்கிறது. ஆயிரம் கோப்பைப் படித்தால் ஆயிரம் குறிப்பு. 2007இல் வெளியான விண்டோஸ் விஸ்டாவில் இந்தக் குறிப்பை இயல்பாகவே நிறுத்திவைத்திருந்தார்கள். லினக்ஸ்காரர்கள் நடுவழி ஒன்று கண்டார்கள். 2009இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) 'ரெல்ஏடைம்' (relatime) என்பதுதான் அங்கே இயல்பு அமைப்பு. கோப்பு மாறிய பிறகு முதல் தடவை படிக்கும்போது நேரம் பதிவாகும். அதற்குப் பிறகு, பழைய குறிப்புக்கு 24 மணி நேரம் ஆகியிருந்தால்தான் அடுத்த குறிப்பு. ஒரே பத்திரத்தை ஒரு நாளில் நாற்பது முறை திறந்தாலும் எழுதுவது அநேகமாக ஒரு முறைதான். கடைசியாகப் படித்த பிறகு புது மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கும் நிரல்களுக்கும் இது போதும். எனக்கும் இதுவே போதுமாக இருந்திருக்கும். இந்த இயல்பு அமைப்பில் ஓடும் கணினியில் அதையும் நிறுத்தினால் கிடைக்கும் வேகம் சொற்பம்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறு. குறிப்பதை நிறுத்திய பிறகும் கணினி அந்த இடத்தை வெறுமையாக விடுவதில்லை. பழைய தேதியை உண்மைத் தேதி போலவே காட்டுகிறது. எங்கள் ரெக்கார்டு ரூமில் பதிவு நின்றுபோனால் அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டு, எந்தத் தேதியோடு நின்றது என்று எழுதுவோம். இயங்குதளம் செய்கிறவர்களும் அதைச் செய்ய வேண்டும்.

அதுவரை, அந்த யோசனையை மறுபடி வெளியிடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்: நிறுத்தியிருந்தால் அந்தத் தேதியை நம்பி எந்தக் கோப்பையும் அழிக்கவோ அகற்றவோ வேண்டாம். பிறர் கணினியில் நிறுத்துகிறவர்கள், அதன் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு நிறுத்தட்டும். எங்கள் கணினியில் ரெல்ஏடைமுக்கு மாற்றியாயிற்று. மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரெக்கார்டு கிளார்க் ஒருவர்,
கோத்தகிரி