எங்கள் இணையதளம் எதைக் கணக்கெடுக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நம் செக்கு எண்ணெய்க் கடையின் இணையதளத்தைத் திறந்தாலே போன் நம்பரை உருவி வெளியே விற்றுவிடுகிறோம் என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. உங்களில் சிலர் அதை எங்களுக்கே அனுப்பி, உண்மையா என்று கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. கேட்காமல் விலகிப்போனவர்களுக்காகத்தான் இந்த மடல்.

போன் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்த தங்கையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். திருமணமாகி அவர் வெளியூர் போனபின் அந்த இடத்துக்குச் சரியான ஆள் அமையவில்லை. ஆர்டர்களில் பெரும்பகுதி இணையதளத்துக்கு மாறிவிட்டது. காங்கேயம் கடையில் நின்றால், யார் நல்லெண்ணெய் டின்னைக் கையில் எடுத்து விலை பார்த்துத் திரும்ப வைக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியும். இணையத்தில் அது தெரியாது. அதற்காகத்தான் தளத்துக்கு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கருவியைப் பொருத்தினோம்.

அது என்ன பார்க்கிறது? எந்தப் பக்கம் திறந்தது, பக்கத்தின் அடிவரை இறங்கினார்களா, எதைக் கூடையில் போட்டார்கள், பணம் கட்டும் இடத்துக்கு வந்தார்களா, எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து, போனிலா கணினியிலா. இது போன்றவைதான். உங்கள் பிரௌசரில் குக்கீ என்று ஒரு சிறு கோப்பை வைத்து, அதற்கு ஓர் எண் கொடுக்கிறது. மறுமுறை வரும்போது அதே எண் என்று தெரியும். ஆள் யார் என்று தெரியாது. குக்கீயை அழித்துவிட்டால் நீங்களே புது ஆளாகத்தான் கணக்கில் வருவீர்கள்.

போன் நம்பர் விஷயத்துக்கு வருகிறேன், மனதை அதிகம் வருத்தியது அதுதான். பெயர், நம்பர், மின்னஞ்சல் எதையும் அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதி. அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு, உங்கள் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியைக்கூடச் சேமித்துவைப்பதில்லை. ஆர்டர் முடிந்தபின் வரும் பக்கத்தின் இணைய முகவரியில் உங்கள் நம்பர் தப்பித்தவறி ஒட்டிக்கொண்டு அனலிட்டிக்ஸுக்குப் போகிறதா என்று தளம் செய்து தந்த தம்பியை உட்காரவைத்துப் பார்த்தோம். இல்லை. விளம்பரக் கணக்கோடும் இதை இணைக்கவில்லை. உங்கள் நம்பர் எங்களிடம் வருவது நீங்களே ஆர்டர் படிவத்தில் எழுதும்போதுதான். பணம் கட்டும் சேவைக்கும் கூரியருக்கும் அது போகிறது. போகாமல் பார்சல் வீடு வந்து சேராது. பார்சல் மேல் ஒட்டிய சீட்டிலும் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கிழித்துவிட்டுப் பெட்டியைக் குப்பையில் போடுங்கள். முப்பது வருடமாக மளிகைக் கணக்கு நோட்டை அடுத்தவர் கண்ணில் காட்டாத கடை இது. உங்கள் நம்பரை விற்கிறோம் என்றால் வலிக்காதா?

கணக்கெடுத்ததில் பலன் இருந்தது. நிறையப் பேர் கூடையை நிரப்பிவிட்டு, கூரியர் கட்டணம் தெரியும் கடைசிப் பக்கத்தில் திரும்பிப்போவது தெரிந்தது. இப்போது பின்கோடு போட்டால் முதல் பக்கத்திலேயே கட்டணம் தெரியும். கடலை எண்ணெய்ப் பக்கத்தைத் திறந்தவர்களில் பலர் எண்ணெய் எப்போது ஆட்டியது என்று தேடியிருக்கிறார்கள், அதனால் ஆட்டிய தேதியையும் போட்டுவிட்டோம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திரட்டுமுன் ஒப்புதல் கேட்க வேண்டும், கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது. தளத்தைத் திறந்ததும் வரும் பெட்டியில் ‘வேண்டாம்’ என்று தொட்டால் குக்கீ விழாது. ஆர்டர் வழக்கம்போலப் போகும். முன்பு சம்மதித்திருந்தாலும் பக்கத்தின் அடியில் மாற்றிக்கொள்ளலாம். தளத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற விவரங்கள் அனலிட்டிக்ஸில் 14 மாதம் வரை இருக்கும்.

எண்ணெய் விலை ஏறியபோதும், மழையில் கொப்பரை கிடைக்காமல் பார்சல் தாமதமானபோதும் கூடவே நின்றவர்கள் நீங்கள். அந்தக் குரல் பதிவு வந்த குழுவிலேயே எங்களுக்காகப் பேசிய அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வார்த்தையில் நன்றி சொல்லி முடியாது. இன்னும் சந்தேகம் இருந்தால் காலை நேரத்தில் கடை எண்ணுக்குக் கூப்பிடுங்கள், நானே எடுக்கிறேன். கடைப்பக்கம் வந்தால் அந்தக் கணக்குத் திரையைத் திறந்தே காட்டுகிறேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்